மீண்டும் வரும் நோயும் மீளும் வழியும்



இன்று நாம் உங்களோடு பேச எடுத்துக்கொண்ட பொருள் உடல்நலம் பற்றியது. கேட்டுக் கேட்டுப் புளித்துப்போன அறிவுரைதானே என்று எவரும் எண்ணிவிட வேண்டாம். தோட்டத் தொழிலாளிக்கு உடலே மூலதனம். விடியுமுன் பெரட்டுக்குச் சென்று, மரத்துக்கு மரம் நடந்து, குனிந்தும் நிமிர்ந்தும் பால் வெட்டி, நிறைந்த வாளியைச் சுமந்து வந்து கொட்டகையில் சேர்ப்பது வரை மூச்சு ஒத்துழைத்தால்தான் அன்றைய கூலி கைக்கு வரும். அந்த மூச்சைக் காப்பது எப்படி என்பதே நமது பேச்சின் நோக்கம்.

மூச்சுப் பாதையைத் தாக்கும் வைரஸ் எனும் நச்சுக் கிருமிகளைக் குறித்து மக்களிடையே இரண்டு நம்பிக்கைகள் வேரூன்றியுள்ளன. “ஒருமுறை வந்து போய்விட்டது, இனி வராது” என்பது ஒன்று. “மருத்துவமனையிலிருந்து வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள், ஆகவே நோய் தீர்ந்துவிட்டது” என்பது மற்றொன்று. இரண்டிலும் ஓரளவு உண்மை உண்டு. ஆயினும் அரை உண்மையை முழு உண்மையென நம்பினால், அதற்குரிய விலையை நமது உடலே கொடுக்க வேண்டியிருக்கும்.

நாம் கண்ட பெருநோய்

கோவிட் 19 நோய் நமது நாட்டில் முதன்முதலாக 2020ஆம் ஆண்டு ஜனவரி 25ஆம் நாள் கண்டறியப்பட்டது. அவ்வாண்டு மார்ச் 18ஆம் நாள் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. அந்நாளில் கடைத்தெருக்கள் வெறிச்சோடின, கோயில் வாசல்கள் அடைபட்டன, திருமணங்கள் தள்ளிப்போயின. 2021ஆம் ஆண்டு பிப்ரவரி 24ஆம் நாள் தடுப்பூசித் திட்டம் தொடங்கிற்று. பின்னர், 2023ஆம் ஆண்டு மே 5ஆம் நாள், உலக சுகாதார நிறுவனம் அனைத்துலக அவசரநிலை முடிவுற்றதாக அறிவித்தது.

முடிவுற்றது அவசரநிலைதானே தவிர, கிருமி அன்று. சளிக்காய்ச்சலை உண்டாக்கும் இன்புளுவன்சா கிருமி எவ்வாறு ஆண்டுதோறும் நம்மிடையே உலவுகின்றதோ, அவ்வாறே இக்கிருமியும் உருமாறி உருமாறி உலவிக்கொண்டுதான் இருக்கின்றது. ஆகவே, ஒருவர் இந்நோய்க்கு இரண்டாம் முறையோ மூன்றாம் முறையோ ஆளாவது இன்று வியப்புக்குரிய செய்தியன்று.

ஒருமுறை வந்தது மறுமுறை வருமா?

இக்கேள்விக்கு விடை 2020ஆம் ஆண்டிலேயே கிடைத்துவிட்டது. ஹாங்காங்கைச் சேர்ந்த 33 வயது ஆடவர் ஒருவருக்கு அவ்வாண்டு மார்ச் மாதத்தில் இந்நோய் கண்டு குணமாயிற்று. ஆகஸ்டு மாதத்தில் அவர் ஸ்பெயின் நாட்டுப் பயணத்தை முடித்துத் திரும்பியபோது, விமான நிலையச் சோதனையில் மீண்டும் கிருமி காணப்பட்டது. இரு முறையும் எடுத்த கிருமிகளின் மரபணுவை ஒப்பிட்ட ஆய்வாளர்கள், இரண்டும் வெவ்வேறு என்று நிறுவினர். பழைய நோயின் மிச்சமன்று, புதிதாகத் தொற்றியதே என்பது உறுதியாயிற்று. இரண்டாம் முறை அவருக்கு எந்தத் துன்பமும் தோன்றவில்லை.

ஆனால், அதே ஆண்டில் அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் 25 வயது இளைஞர் ஒருவருக்கு ஏப்ரல் மாதத்தில் ஒருமுறையும் ஜூன் மாதத்தில் மறுமுறையும் இந்நோய் கண்டது. அவருக்கு இரண்டாம் முறைதான் நோய் கடுமையாயிற்று. மருத்துவமனையில் சேர்த்துப் பிராணவாயு கொடுக்க வேண்டியிருந்தது. ஒருவருக்கு மறுமுறை எளிதாகக் கடந்தது. மற்றவருக்கு மறுமுறையே கடிதாயிற்று. இவ்விரு நிகழ்ச்சிகளையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது நலம்.

இதற்குக் காரணம் யாது? நமது உடலில் நோயை எதிர்க்கும் ஆற்றல் ஒரு காவல்காரனைப் போன்றது. ஒருமுறை வந்த திருடனின் முகத்தை அவன் மறப்பதில்லை. ஆயினும், நாளடைவில் வாசற்காவல் தளர்வதுண்டு. அத்துடன், இக்கிருமி ஒவ்வொரு முறையும் வேடத்தை மாற்றிக்கொண்டு வருகின்றது. காவல்காரன் அடையாளம் காண்பதற்குள் அது வாசலைக் கடந்துவிடுகின்றது. உள்ளே நுழைந்த பிறகு பிடித்துவிடும் ஆற்றல் பெரும்பாலோரிடம் நிலைத்திருப்பதால்தான், மறுமுறை வரும் நோய் பலருக்கும் எளிதாகக் கடந்துபோகின்றது. முதுமையாலும் நாள்பட்ட நோயாலும் காவல் தளர்ந்தவர்களுக்கு அந்த உறுதி இல்லை.

இரண்டு ஆய்வுகள், இரண்டு கேள்விகள்

கட்டார் நாட்டில் நிகழ்ந்த ஆய்வொன்றின் முடிவு 2021ஆம் ஆண்டு நவம்பரில் வெளியாயிற்று. ஒமிக்ரான் வகை பரவுவதற்கு முற்பட்ட காலத்தைச் சார்ந்தது அவ்வாய்வு. மறுமுறை நோய் கண்டவர்கள் மருத்துவமனையில் சேரவோ உயிரிழக்கவோ நேரும் வாய்ப்பு, முதன்முறை நோய் கண்டவர்களைவிட 90 விழுக்காடு குறைவு என்று அது கண்டது. இது ஆறுதல் தரும் செய்தி.

மறு ஆண்டு, அதாவது 2022ஆம் ஆண்டு நவம்பரில், அமெரிக்காவின் முன்னாள் படைவீரர்களுக்கான மருத்துவத் துறையின் பதிவேடுகளைக் கொண்டு செய்த ஆய்வொன்று வெளியாயிற்று. ஒருமுறை மட்டும் நோய் கண்ட 443,588 பேரையும், மீண்டும் நோய் கண்ட 40,947 பேரையும் அது ஒப்பிட்டது. மீண்டும் நோய் கண்டவர்களுக்கு உயிரிழப்பு ஏறத்தாழ இரு மடங்காகவும், மருத்துவமனையில் சேர நேர்வது ஏறத்தாழ மூன்று மடங்காகவும் இருக்கக் காணப்பட்டது.

ஒன்று அஞ்ச வேண்டாம் என்கின்றது. மற்றொன்று அஞ்சு என்கின்றது. எதை நம்புவது என்று நீங்கள் கேட்கலாம். இரண்டையும் நம்பலாம், இரண்டும் கேட்ட கேள்விகள் வேறு. “முதல் முறையைவிட மறுமுறை கடுமையா?” என்று கேட்டது முதல் ஆய்வு. “மறுமுறை நோய் வராமலே இருந்தவரைவிட, வந்தவர் எப்படி இருக்கின்றார்?” என்று கேட்டது இரண்டாம் ஆய்வு. மறுமுறை வருவது முதல்முறையைவிட எளிதாக இருக்கலாம்; எனினும், வராமல் இருப்பது அதைவிட மேல். இவ்வளவுதான் இரண்டு ஆய்வுகளும் சேர்ந்து சொல்லும் செய்தி. அமெரிக்க ஆய்வில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் வயது முதிர்ந்த ஆடவர்கள். ஆகவே, அந்த எண்ணிக்கையை நமது இளைஞர்கள் மீது அப்படியே ஏற்றிப் பார்ப்பது தகாது. நம் வீட்டுப் பாட்டன்மார் மீது ஏற்றிப் பார்க்காமல் விடுவதும் தகாது.

வீடு திரும்பியவர் மீண்டும் மருத்துவமனைக்கு

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். 2020ஆம் ஆண்டில் நோய் உச்சத்திலிருந்தபோது, இங்கிலாந்து மருத்துவமனைகளில் கோவிட் 19 நோய்க்குச் சிகிச்சை பெற்று வீடு திரும்பிய 47,780 பேரைச் சராசரியாக 140 நாள்கள் தொடர்ந்து கவனித்தனர். அவர்களுள் 14,060 பேர் மீண்டும் மருத்துவமனையில் சேர நேர்ந்தது. ஏறத்தாழ பத்துப் பேரில் மூவர் என்பது கணக்கு. 5,875 பேர் வீடு திரும்பிய பின்னர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் அமெரிக்காவில் வீடு திரும்பிய 106,543 பேருள் 9,504 பேர் இரண்டு மாதங்களுக்குள் அதே மருத்துவமனைக்குத் திரும்பினர்.

இவை தடுப்பூசி வருமுன் எடுத்த கணக்குகள். இன்றைய நிலைமை அதுவன்று. மேலும், திரும்பிச் சென்றவர் அனைவரும் புதிதாகக் கிருமி தொற்றியதால் சென்றவர் அல்லர். சில நாள்களில் திரும்புவோரிடம் பெரும்பாலும் பழைய நோயின் மிச்சமே வேலை செய்கின்றது. நுரையீரல் அழற்சி முற்றும் ஆறாதிருக்கலாம், வேறு நுண்கிருமி அதன்மேல் தொற்றியிருக்கலாம், இரத்தம் உறைந்து கட்டியிருக்கலாம், இதயம் தளர்ந்திருக்கலாம். பல மாதம் கழித்து மீண்டும் காய்ச்சல் கண்டு திரும்புவோரிடமே மறுதொற்று என்னும் ஐயம் எழுகின்றது. நோய் தீர்ந்த பிறகும் கிருமியின் சிதைவுகள் சில வாரங்கள் சோதனையில் தென்படக்கூடும் ஆதலால், 90 நாள் இடைவெளியைப் பல ஆய்வுகள் அளவுகோலாகக் கொண்டன.

யார் அவ்வாறு திரும்ப நேர்கின்றது? 65 வயதைக் கடந்தோர், நாள்பட்ட நுரையீரல் நோயாளர், இதயத் தளர்ச்சி உடையோர், இனிப்புநீர் நோயாளர், சிறுநீரகம் பழுதடைந்தோர், அண்மையில் வேறு காரணத்துக்காக மருத்துவமனையில் இருந்தோர் ஆகியோரே மிகுதி என்று அமெரிக்கக் கணக்கு காட்டிற்று. இவர்களுக்கே மறுதொற்றும் பெருஞ்சுமையாகின்றது.

இதை நாம் அயல்நாட்டுச் செய்தியென ஒதுக்கிவிட முடியாது. 2023ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி, நமது நாட்டில் வயது வந்தோருள் ஏறத்தாழ ஆறு பேரில் ஒருவருக்கு இனிப்புநீர் நோய் உண்டு. இந்திய சமூகத்தாரிடையே அது பிற சமூகத்தாரைவிட மிகுதி. அதனோடு புகைப்பழக்கமும் சேர்ந்தால், “பட்ட காலிலே படும்” என்னும் பழமொழி நம் குடும்பத்திலேயே மெய்யாகிவிடும்.

புதுப்பட்டையில் கத்தி வைப்பதுபோல்

பால்மரத்தைப் பற்றி உங்களுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. வெட்டிய பட்டை மீண்டும் வளர்வதற்குக் காலம் வேண்டும். புதுப்பட்டை முதிருமுன் அதிலே கத்தி வைத்தால் பாலும் குறையும், மரமும் காயப்படும். அளவுமீறி வெட்டிய மரம் பட்டை வறண்டு பால் வற்றிப்போவதையும் நீங்கள் கண்டிருப்பீர்கள். மரத்துக்கு ஓய்வு கொடுக்கத் தெரிந்த நாம், நம் உடலுக்கு அதைக் கொடுக்க மறந்துவிடுகின்றோம்.

ஒரு தொழிலாளியை மனக்கண்முன் நிறுத்திப் பார்ப்போம். வயது ஐம்பத்தைந்து, இனிப்புநீர் நோய் உண்டு. நுரையீரல் அழற்சி கண்டு எட்டு நாள் மருத்துவமனையில் கிடந்து வெள்ளிக்கிழமை வீடு திரும்புகின்றார். பிராணவாயு தேவைப்பட்ட நோயாளிக்கு டெக்சாமெதசோன் போன்ற மருந்து கொடுப்பதுண்டு. உயிர் காக்கும் மருந்து அது. ஆயினும் இரத்தத்தில் சர்க்கரையை உயர்த்தும் இயல்புடையது. அவரோ சர்க்கரையைச் சோதித்துப் பார்க்கவில்லை. கொடுத்தனுப்பிய மாத்திரைகளுள் எவை பழையவை, எவை புதியவை என்று விளங்காமல் இரண்டையுமே நிறுத்திவிடுகின்றார். மறுபரிசோதனைக்குக் குறித்த நாளில் பேருந்து கிடைக்கவில்லை. கூலி போகின்றதே என்று திங்கட்கிழமை பெரட்டுக்குப் போய்விடுகின்றார். பத்தாம் நாள் மூச்சிரைக்க மீண்டும் மருத்துவமனைக்குக் கொண்டு செல்லப்படுகின்றார். இதில் கிருமியின் பங்கு பாதி. நாம் தடுத்திருக்கக்கூடியது மறு பாதி.

செய்யத்தக்கவை

முதலாவது, மருத்துவமனையை விட்டுப் புறப்படுமுன் நான்கு கேள்விகளைக் கேட்டுத் தெளிவு பெறுங்கள். எந்தெந்த மருந்தை எத்தனை நாள் உட்கொள்வது? பழைய மருந்துகளில் எவற்றைத் தொடர்வது? மறுபரிசோதனைக்கு எந்நாளில் எங்கு வருவது? எந்த அறிகுறி தோன்றினால் காத்திராமல் வருவது? விடைகளை ஒரு தாளில் எழுதித் தருமாறு கேளுங்கள். மலாய் மொழியில் எழுதியிருந்தால் பள்ளியில் படிக்கும் நம் பிள்ளைகளே படித்துச் சொல்வார்கள். கேட்பதற்கு வெட்கப்பட வேண்டியதில்லை.

இரண்டாவது, ஆபத்தின் அறிகுறிகளை வீட்டார் அனைவரும் அறிந்திருக்க வேண்டும். உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்குதல், நெஞ்சுவலி, உதடு நீலம் பாரித்தல், தெளிவின்றிப் பேசுதல், நீர்கூட அருந்த இயலாமை, சிறுநீர் குறைதல், தணிந்த காய்ச்சல் மீண்டும் ஏறுதல், ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவை தோன்றினால் விடியட்டும் என்று காத்திருத்தல் கூடாது. அவசரத்துக்கு 999 என்னும் எண்ணை அழையுங்கள். தோட்டத்துப் பாதை ஆம்புலன்ஸ் ஓட்டுநருக்குத் தெரியாதிருக்கலாம். முதன்மைச் சாலையில் ஒருவரை நிறுத்தி வழிகாட்டச் செய்வது பொன்னான நிமிடங்களை மிச்சப்படுத்தும்.

விரலில் மாட்டிப் பிராணவாயுவை அளக்கும் சிறு கருவி பல வீடுகளில் இன்று உண்டு. 95க்குக் கீழே காட்டினால் மருத்துவரை நாட வேண்டும். ஆனால், கறுத்த தோல் உடையவர்களுக்கு இக்கருவி உண்மையைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டிவிடுவதுண்டு என்று ஆய்வுகள் கண்டுள்ளன. ஆகவே, கருவி நல்ல எண்ணைக் காட்டினாலும் மூச்சுத் திணறினால், மூச்சையே நம்புங்கள்.

மூன்றாவது, மீண்டும் காய்ச்சலும் இருமலும் கண்டால் உடனே சோதித்துப் பாருங்கள். “முன்பே வந்ததுதானே” என்று நாளைக் கடத்த வேண்டாம். முதியோருக்கும் நாள்பட்ட நோயாளருக்கும், நோய் கடுமையாகாமல் தடுக்கும் மாத்திரையை மருத்துவர் தரக்கூடும். அதை அறிகுறி தோன்றிய ஐந்து நாள்களுக்குள் தொடங்க வேண்டும். சிறுநீரக நோயையும் பிற மருந்துகளையும் கருத்திற்கொண்டே அது வழங்கப்படும். ஆகவே, உட்கொள்ளும் மருந்து அனைத்தையும் மறைக்காமல் காட்டுங்கள். இருமல் இரண்டு வாரத்தைக் கடந்தால், அது காசநோயாகவும் இருக்கலாம். அதற்கும் சோதனை செய்துகொள்வது கடமை.

நான்காவது, வருமுன் காத்தல். தடுப்பூசி, கிருமி நுழைவதை எப்போதும் தடுத்துவிடும் என்று நாம் சொல்லவில்லை. நோய் கடுமையாகி மருத்துவமனைக்குப் போகும் நிலைமையைக் குறைப்பதே அதன் பெரும்பயன். காலப்போக்கில் அதன் வலிமை தளர்வதால், அடுத்த ஊசி தமக்கு வேண்டுமா என்று முதியோரும் நாள்பட்ட நோயாளரும் அரசாங்க மருந்தகத்தில் கேட்டறிய வேண்டும். இன்புளுவன்சா ஊசியைப் பற்றியும் அப்போதே கேட்கலாம். லயத்து வீட்டின் சன்னல்களைத் திறந்து காற்றோட்டம் தாருங்கள். இருமல் உள்ளவர் முகக்கவசம் அணிந்து, குழந்தைகளையும் முதியோரையும் விட்டுச் சற்று ஒதுங்கியிருக்கட்டும். சளியும் காய்ச்சலும் உள்ள குழந்தையை ஆயா கொட்டகைக்கு அனுப்பாதீர்கள். புகைப்பதை விடுங்கள்.

விடுப்பும் உரிமையே

இவ்வளவும் சொல்லிய பின், “வேலைக்குப் போகாவிட்டால் அடுப்பு எரியுமா?” என்று நீங்கள் கேட்பீர்கள். நியாயமான கேள்வி. அதற்குச் சட்டமே விடை வகுத்துள்ளது. தீபகற்ப மலேசியாவில் 1955ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின்படி, இரண்டு ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு ஆண்டுக்கு 14 நாளும், இரண்டு முதல் ஐந்து ஆண்டுக்குக் குறைவாகப் பணிபுரிந்தவருக்கு 18 நாளும், ஐந்து ஆண்டும் அதற்கு மேலும் பணிபுரிந்தவருக்கு 22 நாளும் சம்பளத்துடன் மருத்துவ விடுப்பு உண்டு. மருத்துவமனையில் தங்க நேர்ந்தால் 60 நாள் வரை உண்டு. 2023ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த திருத்தத்தின்படி, இந்த 60 நாள் மேற்சொன்ன விடுப்பில் கழிக்கப்படாமல் தனியே கணக்கிடப்படும். மருத்துவரின் சான்றிதழைப் பெறுவதும், விடுப்புத் தொடங்கிய 48 மணி நேரத்துக்குள் முதலாளிக்கு அறிவிப்பதும் தொழிலாளியின் கடமை. கிராணியிடமோ கங்காணியிடமோ யாரேனும் மூலம் சொல்லியனுப்பி, அறிவித்ததற்கு அடையாளம் வைத்துக்கொள்ளுங்கள்.

நிர்வாகத்தாருக்கும் நாம் ஒன்று சொல்ல விரும்புகின்றோம். நோயிலிருந்து எழுந்தவரைச் சிலகாலம் மேட்டு நிரையிலிருந்து சமநிலத்துக்கு மாற்றுவதும், மறுபரிசோதனை நாளில் தோட்டத்து வண்டியைக் கொடுத்து உதவுவதும் பெருஞ்செலவன்று. தேர்ந்த பால்வெட்டுத் தொழிலாளி ஒருவர் இரண்டாம் முறை மருத்துவமனையில் கிடப்பதால் வரும் இழப்பு அதனினும் பெரிது.

அக்கம்பக்கத்தாருக்கும் கடமை உண்டு. தனித்து வாழும் முதியவர் வீடு திரும்பியிருந்தால், காலையும் மாலையும் ஒருமுறை கதவைத் தட்டி, “மூச்சு எப்படி இருக்கின்றது? மாத்திரை போட்டீர்களா?” என்று கேளுங்கள். உறவு விட்டு உறவு வந்த இந்த மண்ணில், லயத்து மக்கள் ஒருவர்க்கொருவர் துணையாக நின்றே வாழ்ந்திருக்கின்றனர். அந்தத் துணை இன்றும் ஓர் உயிரைக் காக்கும்.

அன்பர்களே, நோய் மீண்டும் வரலாம். அது வருவதை முற்றிலும் தடுப்பது நம் கையில் இல்லை. ஆயினும், வந்ததை உடனே அறிவதும், உரிய காலத்தில் மருந்து பெறுவதும், உடல் தேறும்வரை ஓய்வு கொள்வதும் நம் கையில் உள்ளன. மருத்துவமனை வாசலைக் கடந்து வீட்டுக்கு வந்த நாளை நோயின் இறுதிநாள் என்று எண்ணாதீர்கள். தேறுதலின் முதல்நாள் என்று எண்ணுங்கள். முதிர்ந்த பட்டையில்தான் பால் பெருகும். தேறிய உடலில்தான் உழைப்பு சிறக்கும்.